உடன் நூடில்ஸ்: ஆக்க முறையும் சேர்மானங்களும்

விதைப்பும் அறுவடையும் நெருங்கும் நாட்களில், கமக்காரர் இல்லங்களிற் பிள்ளைகளின் பசியை ஆற்றுதற்கு நூடில்ஸ் பொதி பெரிதும் உதவுகின்றது. சமைத்து உண்பதோடு, அதனைச் சமையாமலே நொறுக்கி, உடனிருக்கும் சுவைத்தூளைத் தூவிச் சிற்றுண்டியாகத் தின்னும் வழக்கமும் பரவியுள்ளது. இப்பண்டத்தைச் சிலர் நஞ்சு என்பர். வேறு சிலர் சோற்றுக்கு ஈடாகக் கொள்வர். இவ்விரு கருத்தும் பொருந்தா. அஃது எங்ஙனம் ஆக்கப்படுகின்றது என்பதை அறிந்தால், அஞ்ச வேண்டியது எது, அஞ்ச வேண்டாதது எது என்பது புலப்படும்.

நூடில்ஸ் ஒருவகையில் இடியப்பத்தின் உறவேயாகும். அரிசி மாவில் இழுபடும் பசை இல்லை. ஆதலின் இடியப்பத்துக்கு அதனைக் கொதிநீரிற் குழைக்கின்றோம். கோதுமை மாவிலுள்ள புரதமோ நீர் பட்டவுடன் இழுபடும் பசையாகின்றது. தொழிற்சாலையில் கோதுமை மாவுடன் நீர், உப்பு, மிகச் சிறிதளவு சோடியங் காபனேற்று, பொற்றாசியங் காபனேற்று ஆகியன சேர்த்துப் பிசையப்படும். பின்னைய இரண்டும் காரப் பொருள்கள். இழைக்கு உறுதியையும் இளமஞ்சள் நிறத்தையும் அளிப்பன. பிசைந்த மா தகடாக உருட்டப்பட்டு, இழைகளாக வெட்டப்பட்டு, நீராவியில் அவிக்கப்படும். இதுவரை இடியப்பத்துக்கும் இதற்கும் பெரிய வேற்றுமை இல்லை.

காலையில் அவித்த இடியப்பம் மறுநாளைக்குள் பழுதடைய, நூடில்ஸ் பல மாதங்கள் கெடாதிருப்பது எதனால்? அவித்த இழைகள் ஏறத்தாழ 140 முதல் 160 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள எண்ணெயில் ஓரிரு நிமிடம் பொரிக்கப்படுகின்றன. உள்ளிருக்கும் நீர் ஆவியாய் வெளியேற, அது சென்ற வழியெங்கும் நுண்ணிய துளைகள் எஞ்சுகின்றன. பின்னர் அடுப்பிற் கொதிநீர் இத்துளைகள் வழியே புகுவதாலேயே சில நிமிடங்களில் இழை மென்மையாகின்றது. இம்முறையில் ஆக்கிய நூடில்ஸை 1958 ஆம் ஆண்டில் யப்பானில் மோமொபுக்கு அண்டோ என்பார் முதலில் விற்பனைக்குக் கொணர்ந்தார். பொரித்த நூடில்ஸில் ஈரம் நூற்றுக்கு 10 வீதத்தை மிஞ்சலாகாது என்பது சருவதேச உணவு நியமம். நெல்லை நூற்றுக்கு 14 வீத ஈரத்துக்குக் குறையாமற் களஞ்சியப்படுத்தினால் பூஞ்சணம் பிடிக்கும் என்பதைக் கமக்காரர் நன்கறிவர். இங்கும் அதே நியாயந்தான். ஈரமில்லாத இடத்திற் கிருமி வளராது. ஆதலின் இழைக்கட்டியைக் காப்பது பெரும்பாலும் உலர்வே, மருந்தன்று. அதன்மேல் மெழுகு பூசப்பட்டுள்ளது என்ற கதையும் ஆதாரமற்றது. கொதிக்கும்போது மிதப்பது பொரித்த எண்ணெயே. பொரித்த கட்டியில் எண்ணெய் நூற்றுக்கு 15 முதல் 20 வீதம் வரை இருக்கும். வெப்பக் காற்றில் உலர்த்திய வகைகளில் இஃது மிகக் குறைவு.

பொதியின் புறத்தே காணப்படும் இலக்கங்கள் பலருக்கும் ஐயத்தைத் தருகின்றன. 500, 501 என்பன மேலே கூறிய காரப் பொருள்கள். 412 என்பது கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் பிசின். 621 என்பது மொனோசோடியங் குளூற்றமேற்று. 1908 ஆம் ஆண்டில் யப்பானிய அறிஞர் கிக்குனே இக்கேடா கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்த சுவைப்பொருள். இன்று அது கரும்புப் பாகு, மரவள்ளி மாப்பொருள் ஆகியவற்றை நொதிக்கச் செய்து பெறப்படுகின்றது. தக்காளி கனியுந்தோறும் அதிற் பெருகும் சுவையும் இவ்வினத்ததே. 319 என்பது எண்ணெய் காறாமற் காக்கும் பொருள். கொழுப்பின் ஒரு கிலோகிராமுக்கு 200 மில்லிகிராமுக்கு மேற் சேர்த்தலாகாது. 102 என்பது செயற்கை மஞ்சள் நிறம். இழையின் அழகுக்கேயன்றி வேறெதற்கும் உதவாது.

இலக்கங்களிற் கண் பதிப்போர், இலக்கமில்லாத உப்பைக் கவனியாது விடுகின்றனர். உண்மையிற் கவலைக்குரியது அதுவே. பொதியில் உப்பு எனக் குறிக்காது சோடியம் எனக் குறித்திருப்பின், அத்தொகையை இரண்டரையாற் பெருக்க உப்பின் அளவு கிடைக்கும். ஒரு பொதியிற் சோடியம் 1,200 மில்லிகிராம் என்றிருந்தால் உப்பு 3 கிராம் ஆகும். வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்புப் போதுமென உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. பிள்ளைகளுக்கு அதனினுங் குறைவு. சமையாத நூடில்ஸ் வயிற்றில் வீங்கிக் கேடு செய்யும் என அஞ்சவேண்டியதில்லை. அது முன்னரே அவிந்து பொரிந்தது. ஆனால் அவித்து நீரை வடித்தால் உப்பிலும் எண்ணெயிலும் ஒரு பங்கு நீங்கும். நொறுக்கித் தின்னும் பிள்ளைக்கோ முழுவதும் உள்ளே செல்கின்றது. நிறக் குறியீட்டில் உப்புக்குச் சிவப்பு இடப்பட்டிருந்தால், அதனைப் பிள்ளையின் கையிற் கொடுக்குமுன் சுவைத்தூளை எடுத்துவிடுதல் நன்று.

சேமிக்கும் இடமும் முக்கியமானது. எண்ணெய் ஏறிய கட்டி அயலிலுள்ள வாடையை எளிதில் ஏற்கும். 2008 ஆம் ஆண்டில் யப்பானிற் சில கிண்ண நூடில்ஸ்களில் பூச்சி விரட்டும் மருந்து காணப்பட்டது. அம்மருந்தின் அருகே வைத்தமையால் அது ஊடுருவியிருக்கலாமெனக் கருதப்பட்டது. கிருமிநாசினி, மண்ணெண்ணெய், பசளை ஆகியன வைக்கும் அறையில் நூடில்ஸ் மட்டுமன்றி எவ்வுணவையும் வைத்தலாகாது. வெயிலிற் கிடந்த பொதியில் எண்ணெய் விரைவிற் காறும். திறந்தவுடன் காறல் மணம் வீசினால், திகதி கடவாதிருப்பினும் அதனை உண்ணக் கொடுக்கலாகாது.

சமைக்குங்கால் இழையைத் தனியே அவித்து நீரை வடித்துவிட்டு, சுவைத்தூளிற் பாதியை மாத்திரம் சேர்க்கலாம். அவ்விடத்தைத் தோட்டத்துப் போஞ்சி, கரட், முருங்கையிலை, வெங்காயம், ஒரு முட்டை ஆகியன நிரப்பும். இழையிற் குறைவாயுள்ள நார்ச்சத்தும் உயிர்ச்சத்தும் இவற்றாற் கிடைக்கும். இலைவகையை இறுதியிற் சேர்த்து, இரண்டு நிமிடத்தில் இறக்கிவிடுதல் போதுமானது.