பல் ஊசிக்கு அவசரம் ஆகாது

சேத்துப்பட்டு, ஆரணிப் பக்கம் பட்டுத்தறி ஓடும் வீடுகளில் பிள்ளைக்குச் சொத்தைப்பல் வலித்தால் முதலில் கிராம்பு, அப்புறம் மருந்துக்கடை மாத்திரை. பல் டாக்டரைத் தேடுவது கன்னம் வீங்கிய பிறகுதான். தறியை விட்டு எழுந்தால் அன்றைய கூலி போய்விடும் என்பது ஒரு காரணம். இன்னொன்று ஊசி. "அழுதா ஊசி போடச் சொல்லிடுவேன்" என்று மிரட்டி மிரட்டி நாமே வளர்த்த பயம் அது.

ஈறில் போடும் ஊசி வலிக்கத்தான் செய்யும். ஆனால் முனை குத்துவதைவிட, மருந்து வேகமாகப் பாய்ந்து சதையை விரிப்பதுதான் பல நேரம் அதிகம் நோகிறது. மேல் அண்ணத்தில் சதை எலும்போடு இறுக ஒட்டியிருப்பதால் அங்கே இன்னும் கடுமை. ஒரு மில்லி மருந்துக்கு ஒரு நிமிடமாவது எடுத்துக்கொள் என்றுதான் பல் மருத்துவத்தில் சொல்லித் தருகிறார்கள். வாசல் வரை கூட்டம் நிற்கும் கிளினிக்கில் முதலில் பறிபோவது அந்த ஒரு நிமிடம். எனக்கு இதில்தான் ஆதங்கம்.

ஊசிக்கு முன் தடவும் ஜெல்லும் அப்படியே. ஈறைப் பஞ்சால் துடைத்து, மரத்துப்போகச் செய்யும் அந்த ஜெல்லைத் தடவி, ஒன்றிரண்டு நிமிடம் காத்திருக்க வேண்டும். எச்சில் ஈரத்தின் மேல் தடவி உடனே குத்தினால் தடவியது வீண்.

1943-இல் ஸ்வீடனில் வேதியியலாளர் நில்ஸ் லோஃப்கிரென் உருவாக்கிய லிக்னோகெயின் என்ற மரப்பு மருந்துதான் இன்றும் நம்மூர் பல் ஊசிகளில் பெரும்பாலும் இருக்கிறது. அட்ரினலின் கலந்த லிக்னோகெயினுக்கு அமிலத்தன்மை உண்டு, அதனால் எரியும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததை உடல் சூட்டுக்குக் கொண்டுவந்து போட்டால் வேதனை குறையும். குத்தும்போது டாக்டர் கன்னத்தை விரலால் பிடித்து அசைப்பதும் வெறும் பழக்கமல்ல. தொடுதலும் அதிர்வும் வலிச் செய்தியை நரம்பு வழியில் மட்டுப்படுத்தும் என்று 1965-இல் மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள் விளக்கினார்கள். மருந்தைச் சீராகச் செலுத்தும் கணினிக் கருவிகளும் வந்துவிட்டன. சின்ன ஊர் கிளினிக்குக்கு அந்த விலை பாரம். மெதுவாகப் போடுவதற்குச் செலவே இல்லை.

"ஜெல் தடவிட்டு மெதுவா போடுங்க டாக்டர்" என்று கேட்கத் தயங்காதீர்கள். பிள்ளையிடம் "வலிக்கவே வலிக்காது" என்றும் சொல்லாதீர்கள். பொய் என்று தெரிந்தால் அடுத்த முறை வாயே திறக்காது. "பல்லைத் தூங்க வைக்கப் போறாங்க, கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும்" என்பது போதும்.

ஊசி போட்டு இரண்டு மூன்று மணி நேரம் உதடு மரத்திருக்கும். விளையாட்டாகக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. உணர்ச்சி திரும்பும்வரை முறுக்கு, மிட்டாய் எதுவும் கொடுக்காமல் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.