துறை விட்டெழும் கலம்

இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய வணிகக் கப்பல்கள் பல தாக்குண்டு மூழ்கின. உயிர்காப்புப் படகேறியோருள் முதிய மாலுமிகள் பிழைக்க, உடல்வலி மிக்க இளைஞர்களோ உளந்தளர்ந்து மாள்வதைக் கப்பல் நிறுவனம் நடத்திய லாரன்சு ஹோல்ட்டு கண்டார். இளைஞரிடம் குறைந்தது உடல் வலிமையன்று, 'என்னால் இயலும்' என்னும் உறுதியே என அவர் கருதினார்.

இட்லரை எதிர்த்து நாடு துறந்த கல்வியாளர் கர்ட் ஹானும் அவரும் 1941ஆம் ஆண்டில் வேல்சு நாட்டு அபர்டவி என்னும் கடற்கரையூரில் ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினர். அதற்கு 'அவுட்வர்டு பவுண்டு' எனப் பெயரிட்டனர். துறையை விட்டுக் கடல் நோக்கிப் புறப்படும் கலத்தை அச்சொல் குறிக்கும்.

மாணவர் ஏறத்தாழ ஒரு திங்கள் அங்குத் தங்கி, படகு செலுத்தல், மலை ஏறல், இடருற்றாரை மீட்டல் ஆகியவற்றைப் பயின்றனர். இன்று முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் இவ்வமைப்பு ஆண், பெண் இருபாலார்க்கும் முகாம்கள் நடத்துகின்றது.

இத்தகைய முகாம்களால் விளையும் பயன் யாது? ஒருவன் கூடாரத்தைச் செவ்வனே கட்டாவிடின், மழையில் அனைவரும் நனைவர். வழி தவறினால், பிறரைப் பழித்துப் பயனில்லை. வரைபடத்தை விரித்து ஒருங்கே ஆராய்தல் வேண்டும். இவ்வாறு பொறுப்பும் நட்பும் தாமே வளர்கின்றன. செங்குத்தான பாறைமுன் நடுங்கியவன், கயிற்றின் காவலோடும் ஆசிரியரின் துணையோடும் உச்சி அடைகின்றான். அச்சம் முற்றும் அகலவில்லை. ஆயினும் அச்சத்தோடும் செயலாற்ற இயலும் என அவன் அறிந்துகொண்டான். பின்னர்த் தேர்வோ, தோல்வியோ, தனிமையோ வருத்தும்போது அவ்வறிவே அவனுக்கு ஊன்றுகோலாகும்.