‘அழிஞ்சே போச்சு’ என்று எப்போது சொல்லலாம்?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்திலிருந்து புதுச்சேரி நோக்கி வந்தால் வழியில் கூனிமேடு. கிழக்கே கடல், வடக்கே மரக்காணத்து உப்பளங்கள், மேற்கே சவுக்கும் மல்லாட்டையும் இடையிடையே நெல்லும். கோடையில் கிணற்று நீர் உப்புக் கரிக்கும் பகுதி இது. இந்தப் பக்கத்துப் பெரியவர்களிடம் நெல்லைப் பற்றிப் பேசினால் ஒரு பேச்சு வந்துவிடும்: "அந்தக் காலத்து நெல்லு உப்புக்குத் தாங்கும். இப்போ அதெல்லாம் அழிஞ்சே போச்சு."

உண்மையிலேயே அழிந்துவிட்டதா, இல்லை நம் ஊரை விட்டு மட்டும் போய்விட்டதா? முதலாவது என்றால் செய்வதற்கு எதுவும் இல்லை. இரண்டாவது என்றால், விதை வேறொரு மாவட்டத்தில் யார் வீட்டுக் குதிரிலோ இருக்கலாம். உவர் ஏறிக்கொண்டே வரும் நிலத்தை வைத்திருப்பவர் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்வது அவசியம்.

அறிவியல் என்ன சொல்கிறது?

உயிரினங்களின் நிலையைச் சிவப்புப் பட்டியலாக வெளியிடுவது பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் (ஐ.யு.சி.என்.). ஓர் இனம் அழிந்துவிட்டது என்று சொல்ல அது வைத்திருக்கும் அளவுகோல் கடுமையானது. அந்த இனத்தின் கடைசி உயிரும் இறந்துவிட்டது என்பதில் நியாயமான சந்தேகம் எதுவும் இருக்கக் கூடாது. அந்த இனம் முன்பு வாழ்ந்த இடங்கள் முழுவதிலும், அதற்கு ஏற்ற பருவத்திலும் நேரத்திலும், அதன் ஆயுள் சுழற்சிக்குத் தகுந்த காலம் வரை தேடியும் ஒன்றுகூடக் கிடைத்திருக்கக் கூடாது. முன்பெல்லாம் 50 ஆண்டுகள் கண்ணில் படவில்லை என்றால் அழிந்ததாகக் கொள்ளும் வழக்கம் இருந்தது. 1994-ல் விதிகளைத் திருத்தியபோது அதைக் கைவிட்டார்கள்.

இதில் ‘ஏற்ற பருவம், ஏற்ற நேரம்’ என்பதுதான் முக்கியம். நம் பக்கத்துக் கழுவேலிக்கு வலசைப் பறவைகள் குளிர்காலத்தில் வருகின்றன. 2021-ல் பறவைகள் சரணாலயமாகவும், 2024-ல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்ட இடம் அது. அங்கே மே மாத வெயிலில் போய் நின்று, வலசைப் பறவை எதுவும் இல்லை என்று எழுதிவைத்தால் அந்தக் குறிப்புக்கு மதிப்பு உண்டா?

ஆந்திராவில் நடந்ததைப் பாருங்கள். ஜெர்டன் கோர்சர் என்ற பறவையை 1900-க்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. அழிந்துவிட்டது என்றே பலரும் நினைத்திருந்தார்கள். 1986-ல் கடப்பா மாவட்டத்தில் மறுபடி கிடைத்தது. அது இரவில் நடமாடும் பறவை, பகலில் தேடியவர்களுக்குத் தென்படவில்லை. உள்ளூர்க்காரர் ஒருவர்தான் இரவில் டார்ச் வெளிச்சத்தில் அதைப் பிடித்துவந்தார். 86 ஆண்டுகளாக அது அங்கேதான் இருந்திருக்கிறது.

எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. நம் கடற்கரைக்கு வரும் நீண்ட வளைந்த அலகுள்ள கோட்டான் பறவைகளின் உறவு ஒன்று, மெல்லிய அலகுடையது, மத்தியதரைக் கடல் பகுதிக்கு வலசை வந்துகொண்டிருந்தது. அதை உறுதியாகக் கடைசியில் பார்த்தது 1995-ல், மொராக்கோவில். அழிந்துவிட்டதாக அறிவித்தது 2025-ல். நடுவே 30 ஆண்டுகள் தேடல். அவசரப்பட்டு முன்பே அறிவித்திருந்தால் தேடுவதையும் பாதுகாப்பதையும் நிறுத்தியிருப்பார்கள்.

முழு அழிவுக்கு முன்னே

சிவப்புப் பட்டியலில் ‘இயற்கையில் அழிந்தது’ என்று ஒரு தனி வகை உண்டு. தோட்டத்திலோ கூண்டிலோ மட்டும் மிஞ்சியிருக்கும் இனங்களுக்கு அது. தென்னாப்பிரிக்காவில் 1895-ல் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு சைகஸ் வகைச் செடி அதில் அடங்கும். கிடைத்தது ஒரே ஓர் ஆண் மரம். பெண் மரம் இன்றுவரை கிடைக்கவில்லை. பக்கக் கன்று பிரித்து உலகெங்கும் தோட்டங்களில் வளர்க்கிறார்கள், ஆனால் விதை பிடிக்காது. செடி உயிரோடுதான் இருக்கிறது, வம்சம் மட்டும் நின்றுபோனது.

இன்னொன்று, ஓரிடத்தில் மட்டும் அழிவது. சிறுத்தைப்புலி அல்ல, சிவிங்கிப்புலி: 1952-ல் இந்தியாவில் இல்லை என்று அரசு அறிவித்தது. ஆப்பிரிக்காவில் இருந்தது. அதனால்தான் 2022-ல் நமீபியாவிலிருந்து எட்டு சிவிங்கிப்புலிகளை மத்தியப்பிரதேசத்துக்குக் கொண்டுவர முடிந்தது.

நெல் ரகத்துக்கு யார் சான்று கொடுப்பது?

இனி நம் வயலுக்கு வருவோம். நெல் என்ற இனத்துக்கு அழிவு இல்லை, உலகமே விதைக்கிறது. அழிவது ரகங்கள். சிவப்புப் பட்டியலோ பயிர் ரகங்களைக் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு பறவை அழிந்தால் அறிவிக்க ஆள் இருக்கிறது. நூற்றாண்டுக் கணக்கில் உவர் நிலத்தில் விளைந்த ஒரு நெல் போனால், போன ஆண்டைக்கூட யாரும் குறித்துவைக்க மாட்டார்கள்.

போவதும் வேகமாக நடக்கும். நெல் விதையை வீட்டில் சாதாரணமாக வைத்தால் அடுத்த ஆண்டுக்குள் விதைத்தாக வேண்டும். இரண்டு மூன்று ஆண்டு கிடந்தால் முளைப்புத்திறன் சரிந்துவிடும். கடலோரக் காற்றின் ஈரத்தில் இன்னும் சீக்கிரம். ஆகவே ஒரு ரகம் கடைசியாக ஒரே வீட்டில் இருந்து, அந்த வீட்டுக்காரர் இரண்டு போகம் பயிர் வைக்காமல் விட்டால் கதை முடிந்தது.

பெயர்க் குழப்பம் வேறு. உவர் தாங்கும் பாரம்பரிய நெல்களில் குழியடிச்சான், களர்பாளை, உவர்முண்டான் ஆகியவற்றைச் சொல்வார்கள். குழியடிச்சானைக் குழிவெடிச்சான் என்பாரும் உண்டு. ஒரே நெல்லுக்கு ஊருக்கு ஒரு பெயர், ஒரே பெயரில் இரண்டு நெல் என்பதெல்லாம் சகஜம். பெயர் மறைந்து நெல் வாழ்ந்துகொண்டிருக்கலாம். பெயர் மட்டும் இருந்து, மூட்டைக்குள் கலப்பு விதை இருக்கலாம். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் ஆபத்து. இருக்கிறது என்று நம்பித் தேடாமல் விட்டுவிடுவோம்.

தேடினால் கிடைக்கும் என்பதற்குத் திருவாரூர் மாவட்டம் ஆதிரெங்கத்தைப் பார்க்கலாம். மறைந்த நெல் ஜெயராமன் அங்கிருந்துதான் 174 பாரம்பரிய ரகங்களை மீட்டுப் பரப்பினார். அவற்றில் பலவற்றை ‘அழிந்துபோனது’ என்றே ஊர் நினைத்திருந்தது. 2004 சுனாமியில் நாகை மாவட்ட வயல்களில் கடல்நீர் புகுந்த பிறகு உவர் தாங்கும் பழைய நெல்லைத் தேடியவர்களுக்கும் அது கிடைத்தது, யாரோ விடாமல் விதைத்துக்கொண்டிருந்ததால்.

மரபணு வங்கி இருக்கிறதே என்று கேட்கலாம். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் இராமையா மரபணு வங்கி, டெல்லியில் தேசிய மரபணு வங்கி, பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1,30,000-க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகள். மிகவும் தேவையான ஏற்பாடுதான். ஆனால் வங்கியில் மட்டும் உள்ள நெல், ‘இயற்கையில் அழிந்த’ இனத்தைப் போலத்தான். உறைகுளிரில் தூங்கும் விதை இந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் நம் மண்ணில் ஏறிய உப்பைப் பார்த்திருக்காது. எப்போது நாற்றுவிட வேண்டும், எத்தனை நாள் தண்ணீர் நிறுத்தலாம் என்பதும் அந்தப் பொட்டலத்தில் இருக்காது.

கையில் விதை இருந்தால்

முதலில் மண் பரிசோதனை செய்யுங்கள். மின்கடத்துத் திறன் 4 டெசிசைமனைத் தாண்டினால் உவர் நிலம். கார அமிலத்தன்மை 8.5-க்கு மேல் போய், சோடியமும் மிகுந்திருந்தால் களர். இரண்டுக்கும் சீர்திருத்தம் வேறு. நெல்லுக்கு உப்பு அதிகம் உறைப்பது நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும்.

எடுத்த எடுப்பில் முழு நிலத்திலும் பழைய ரகம் வைக்கச் சொல்ல மாட்டேன். பெரும்பாலும் உயரமாக வளர்ந்து சாயும், மகசூலும் குறைவு. வருமானத்துக்கு திருச்சி 1, திருச்சி 3 போன்ற வெளியிடப்பட்ட ரகங்களை வைத்துக்கொண்டு, பத்து சென்டில் பழையதை வைத்துப் பாருங்கள். பக்கத்து நெல்லுக்கும் அதற்கும் மூன்று மீட்டர் இடைவெளி விடுங்கள். பூக்கும்போதும் அறுப்புக்கு முன்பும் வயலில் இறங்கி, வேறுபட்ட கதிர்களைப் பிடுங்கிவிடுங்கள். கதிரடிக்கும் களத்தில் கலப்பு வராமல் பார்ப்பது அதைவிட முக்கியம். ஈரப்பதம் 13 விழுக்காட்டுக்குள் வரும்வரை காயவைத்து, காற்றுப் புகாத கலனில் வையுங்கள்.

விதையை ஒரே வீட்டில் வைக்காதீர்கள். வெவ்வேறு ஊரில் மூன்று பேருக்காவது கொடுங்கள். ஒரு புயலில் உங்கள் வயல் போனாலும் திருப்பி வாங்கிக்கொள்ளலாம்.

பாரம்பரிய ரகம் என்று உறுதியாகத் தெரிந்தால், பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் 2001-ன் கீழ் உழவர் ரகமாகப் பதியலாம். விவசாயிகளுக்குப் பதிவுக் கட்டணம் கிடையாது. நம் பகுதிக்காரர்கள் திண்டிவனம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கலாம். போகும்போது ஒரு கிலோ விதையோடு, முழுக் கதிர் நான்கைந்தும், ஒரு தாளில் இதுவும் இருக்கட்டும்: உங்கள் ஊரில் அந்த நெல்லுக்கு என்ன பெயர், யாரிடமிருந்து வந்தது, எந்த ஆண்டிலிருந்து விதைக்கிறீர்கள், எத்தனை நாள் பயிர், உப்பேறிய வயலில் எப்படி நின்றது.