இந்தியாவில் மருத்துவச் சோதனை ஒப்புதல் சீர்திருத்தங்கள்

இந்தியாவில் மருத்துவச் சோதனை ஒப்புதல் சீர்திருத்தங்கள் என்பவை, புதிய மருந்துகளை மனிதர்களிடம் சோதித்துப் பார்ப்பதற்கான அனுமதி நடைமுறைகளைச் சீர்செய்ய நடுவண் அரசு எடுத்துவந்த நடவடிக்கைகள் ஆகும். மருத்துவமனைகளில் "கிளினிக்கல் டிரையல்" என்று வழங்கப்படும் இச்சோதனைகளுக்கு, மத்திய மருந்துகள் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் தலைமை அதிகாரி அனுமதி வழங்குகிறார். இச்சீர்திருத்தங்களுள் முதன்மையானவை 2019 மார்ச் 19 அன்று அறிவிக்கப்பட்ட புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகள் ஆகும். தேவையற்ற காலத்தாழ்வை நீக்குவதும், சோதனைக்கு உட்படுவோரின் பாதுகாப்பைக் குறைக்காதிருப்பதும் ஆகிய இரண்டு நோக்கங்களுக்கிடையே சமநிலை காண்பதே இச்சீர்திருத்தங்களின் அடிப்படைச் சிக்கலாகும்.

பின்னணி

தமிழ்நாட்டுக்கு இத்துறையில் நீண்ட வரலாறு உண்டு. 1956இல் சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையம், காசநோயாளிகளுக்கு வீட்டிலேயே அளிக்கப்படும் சிகிச்சையையும் காசநோய் மருத்துவமனையில் தங்கவைத்து அளிக்கப்படும் சிகிச்சையையும் ஒப்பிட்டது. வீட்டுச் சிகிச்சையும் ஏறத்தாழ அதே அளவு பயன் தருகிறது என்று 1959இல் வெளியான அதன் முடிவுகள் காட்டின. உலக நாடுகள் பலவற்றின் காசநோய்ச் சிகிச்சை முறையை இச்சோதனை மாற்றியது. 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பி.சி.ஜி. தடுப்பூசிச் சோதனை தொடங்கியது. காஞ்சிபுரம் அக்காலத்தில் அம்மாவட்டத்தைச் சேர்ந்ததாக இருந்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அத்தடுப்பூசி தடுக்கவில்லை என்பது அச்சோதனையின் முடிவாகும்.

மருத்துவச் சோதனைகளுக்கான விரிவான சட்ட நெறிகள் 1988இல்தான் வந்தன. 1945ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுப் பொருட்கள் விதிகளில் அவ்வாண்டு "ஒய் அட்டவணை" சேர்க்கப்பட்டது. இதன்படி, வெளிநாட்டில் கண்டுபிடிக்கப்பட்ட மருந்தின் சோதனை அங்கு எந்தக் கட்டத்தில் உள்ளதோ அதற்கு ஒரு கட்டம் பின்தங்கியே இந்தியாவில் நடத்தப்பட முடியும். 2005 ஜனவரியில் இக்கட்டுப்பாடு தளர்த்தப்பட்டு, பன்னாட்டுச் சோதனைகள் ஒரே காலத்தில் இங்கும் நடைபெற வழி பிறந்தது. 2007 ஜூலையில் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடு தொடங்கப்பட்டது. 2009 ஜூன் 15 முதல் அதில் பதிவு செய்தல் கட்டாயமாக்கப்பட்டது.

2013ஆம் ஆண்டின் தேக்கம்

சோதனைகள் பெருகிய வேகத்துக்குக் கண்காணிப்பு ஈடுகொடுக்கவில்லை. ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குசராத்தின் வடோதராவிலும் சிறுமியருக்கு எச்.பி.வி. தடுப்பூசி இடப்பட்ட திட்டம், ஒப்புதல் பெறப்பட்ட முறை குறித்து எழுந்த புகார்களால் 2010 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. 2012இல் சுவாஸ்திய அதிகார் மஞ்ச் என்னும் அமைப்பு உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தது.

இவ்வழக்கின் விளைவாக 2013இல் நடைமுறைகள் இறுகின. இழப்பீடு, நெறிமுறைக் குழுக்களின் பதிவு ஆகியவற்றுக்கான விதிகள் அவ்வாண்டின் சனவரி, பிப்ரவரி மாதங்களில் வெளிவந்தன. விண்ணப்பங்கள் மூன்று அடுக்குக் குழுக்களைக் கடக்க வேண்டியதாயிற்று. நோயாளியிடம் ஒப்புதல் பெறுவதை ஒலி, ஒளிப் பதிவு செய்வதும் கட்டாயமாயிற்று. 2014இல் ஓர் ஆய்வாளர் ஒரே நேரத்தில் மூன்று சோதனைகளுக்கு மேல் நடத்தக்கூடாது என்ற வரம்பும் வந்தது. அனுமதிகளின் எண்ணிக்கை கடுமையாகக் குறைந்தது. அரசு மருத்துவமனைகளின் ஆய்வுகளும் இதனால் பாதிக்கப்பட்டன.

பின்னர் இவை படிப்படியாகத் தளர்த்தப்பட்டன. 2015 ஜூலையில் ஒலி, ஒளிப் பதிவு, புதிய மூலக்கூறுகளின் சோதனைகளில் பங்கேற்கும் எளிதில் பாதிப்புறும் நிலையிலுள்ளோருக்கு மட்டும் என வரையறுக்கப்பட்டது. 2016 ஆகஸ்டில் மூன்று சோதனை வரம்பும், மருத்துவமனையில் குறைந்தது 50 படுக்கைகள் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் நீக்கப்பட்டன.

2019ஆம் ஆண்டின் விதிகள்

இவ்விதிகளின் முக்கியக் கூறுகள் பின்வருமாறு:

காலவரம்பு: விண்ணப்பத்தின் மீது 90 வேலை நாட்களுக்குள் முடிவெடுக்க வேண்டும். இந்தியாவில் கண்டுபிடிக்கப்பட்டு இங்கேயே தயாரித்து விற்கப்படவுள்ள மருந்தாயின் இக்காலம் 30 வேலை நாட்கள். அதற்குள் பதில் வராவிடில் அனுமதி வழங்கப்பட்டதாகக் கருதப்படும்.

கல்விசார் சோதனைகள்: ஏற்கனவே ஒப்புதல் பெற்ற மருந்தை வேறு நோய்க்கோ வேறு அளவிலோ ஆராயும் மருத்துவர்களுக்கு, விற்பனை உரிமம் பெறும் நோக்கம் இல்லையெனில், நெறிமுறைக் குழுவின் ஒப்புதலே போதுமானது.

நெறிமுறைக் குழு: குறைந்தது ஏழு உறுப்பினர்கள் தேவை. அவர்களுள் பாதிப் பேர் அந்நிறுவனத்தைச் சாராதவராக இருக்க வேண்டும். ஒரு பெண்ணும் மருத்துவம் சாராத பொதுமக்களுள் ஒருவரும் இடம்பெற வேண்டும். தனக்கெனக் குழு இல்லாத மருத்துவமனை, அதே நகரிலோ 50 கிலோமீட்டர் சுற்றளவிலோ உள்ள பதிவுபெற்ற குழுவை நாடலாம்.

கடைசி விதி சிற்றூர்களுக்குப் பெரிதும் பயனுள்ளது. எடுத்துக்காட்டாக, காஞ்சிபுரம் சென்னையிலிருந்து ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தொலைவிலும் செங்கல்பட்டிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலும் உள்ளது. எனவே காஞ்சிபுரத்துச் சிறு மருத்துவமனை ஒன்று, செங்கல்பட்டில் உள்ள பதிவுபெற்ற குழுவின் மேற்பார்வையில் சோதனையில் பங்கேற்க இயலும். சின்ன காஞ்சிபுரத்தில் சேலைக்கு இவ்வளவு எனக் கூலி பெறும் பட்டு நெசவாளர் ஒருவர், ஒவ்வொரு முறையும் தறியை நிறுத்திவிட்டுச் சென்னைக்குச் செல்ல வேண்டியிருந்தால், சோதனையில் சேர்வதே அரிது. சோதனை மையம் அருகில் அமைந்தால் இத்தடை குறைகிறது.

இழப்பீடு

சோதனையால் உடல்நலக் கேடு நேர்ந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் அளிக்கப்பட வேண்டும். இறப்புக்கான இழப்பீடு, அடிப்படைத் தொகையான 8 இலட்சம் ரூபாயை வயதுக் காரணியாலும் இடர்க் காரணியாலும் பெருக்கி, 99.37ஆல் வகுத்துக் கணக்கிடப்படுகிறது. 65 வயதைக் கடந்தவருக்கு வயதுக் காரணி 99.37 ஆகும். இடர்க் காரணி, மரணத் தறுவாயில் உள்ள நோயாளிக்கு 0.5 முதல் நல்ல உடல்நலம் உள்ள தன்னார்வலருக்கு 4 வரை மாறும். இதன்படி, 65 வயதைக் கடந்த, நல்ல உடல்நலமுள்ள தன்னார்வலர் இறந்தால் 32 இலட்சம் ரூபாய் வழங்கப்பட வேண்டும்.

பிந்தைய மாற்றங்கள்

2024 ஆகஸ்ட் 7 அன்று வெளியான ஆணையின்படி, ஐக்கிய அமெரிக்கா, ஐக்கிய இராச்சியம், சப்பான், ஆத்திரேலியா, கனடா, ஐரோப்பிய ஒன்றியம் ஆகியவற்றில் ஒப்புதல் பெற்ற சில வகை மருந்துகளுக்கு இந்தியாவில் உள்ளூர்ச் சோதனையிலிருந்து விலக்குப் பெறலாம். அரிய நோய்களுக்கான மருந்துகள், மரபணு மற்றும் உயிரணுச் சிகிச்சைகள் ஆகியன இவற்றுள் அடங்கும். 2025 ஆகஸ்ட் 28 அன்று வெளியிடப்பட்ட வரைவுத் திருத்தம், ஆய்வுக்காகச் சிறு அளவில் மருந்து தயாரிக்கத் தேவையான சோதனை உரிமத்துக்கு மாற்றாகப் பெரும்பாலான இனங்களில் முன்னறிவிப்பு மட்டும் போதும் என முன்மொழிந்தது. உரிமம் தேவைப்படும் இனங்களில் காலவரம்பை 90 நாட்களிலிருந்து 45 நாட்களாகக் குறைக்கவும் அது முன்மொழிந்தது.

விமர்சனங்கள்

அலுவலகத்தின் மௌனத்தையே அனுமதியாகக் கொள்வது, ஆய்வு செய்யப்படாத திட்டங்களுக்கும் வழிவிடக்கூடும் என்று விமர்சிக்கப்படுகிறது. இறப்பு அல்லது நிரந்தர ஊனம் நேர்ந்தால் இழப்பீட்டில் 60 விழுக்காட்டை முன்கூட்டியே வழங்க வேண்டும் என்று 2018ஆம் ஆண்டின் வரைவில் இருந்த பிரிவு, இறுதி விதிகளில் இடம்பெறவில்லை. நடுவண் அலுவலகத்தின் பணிச்சுமை குறையும்போது, அப்பொறுப்பு உள்ளூர் நெறிமுறைக் குழுக்களைச் சேர்கிறது. ஆகையால் சீர்திருத்தத்தின் பயன், அக்குழுக்களின் நேர்மையையும் திறனையும், நோயாளிக்கு அவர் அறிந்த மொழியில் விளக்கம் தரப்படுவதையும் பொறுத்தே அமைகிறது.