நெடும்பயண மோட்டார் சைக்கிளுக்குச் சிக்கனமாய் வலு சேர்ப்பது எப்படி?

மோட்டார் சைக்கிள் எஞ்சினின் வலுவைக் கூட்ட இரண்டே வழிகள் உண்டு. ஒன்று, எஞ்சின் ஒரு நிமிடத்தில் எரிக்கும் காற்றையும் பெற்றோலையும் கூட்டுவது. மற்றது, எரிந்து கிடைக்கும் உந்தலை வீணாக்காமல் பின் சில்லுவரை கொண்டுபோய்ச் சேர்ப்பது. கராஜில் நடக்கும் எல்லா வேலையும் இவ்விரண்டில் ஒன்றுக்குள் அடங்கும். முதல் வழிக்குச் செலவு அதிகம், இரண்டாவதற்குக் குறைவு. ஆகவே கையில் உள்ள பணம் சிறிதென்றால் தொடங்க வேண்டிய இடம் இரண்டாவது வழிதான்.

எவ்வளவு வலு தேவை என்பது வண்டி ஓடும் நிலத்தைப் பொறுத்தது. இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள பெரியகல்லாற்றை எடுத்துக்கொள்வோம். மட்டக்களப்பு வாவி 56 கிலோமீற்றர் நீளமானது. அது கடலோடு கலக்கும் இரண்டு முகத்துவாரங்களில் ஒன்று பெரியகல்லாற்றில் இருக்கிறது. ஒருபுறம் வாவி, மறுபுறம் கடல், நடுவே கல்முனைக்கும் மட்டக்களப்புக்கும் போகும் ஏ4 நெடுஞ்சாலை. ஊரைச் சுற்றியுள்ள தெருக்களில் மேடென்று சொல்ல எதுவுமில்லை. அங்கே 100 சீசீ வண்டியும் 150 சீசீ வண்டியும் ஒரே மாதிரித்தான் ஓடும். ஆடி மாதம் பொத்துவில், மொனராகலை, புத்தல வழியாகக் கதிர்காமத்துக்குப் புறப்படும்போதும், செங்கலடியிலிருந்து ஏ5 நெடுஞ்சாலையில் மகா ஓயா, பிபிலை, பதுளை கடந்து நுவரெலியாவுக்கு ஏறும்போதும்தான் எஞ்சினின் உண்மையான நிலை தெரியவரும். பின்னால் ஒருவர், பக்கத்தில் பைகள், நேரே செங்குத்து ஏற்றம். கடல் மட்டத்தில் சோர்வில்லாமல் ஓடிய வண்டி அங்கே இரண்டாம் கியருக்கு இறங்கிவிடும்.

புது வண்டி வாங்குவது பலருக்கு இலகுவாக இருக்கவில்லை. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 தொடக்கத்தில்தான் தளர்ந்தது. அந்த ஐந்து ஆண்டுகளும் இருந்த வண்டியையே ஓட்டினார்கள். 2022இல் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவைத் தொட்டது. எரிபொருளைப் பங்கிட்டுத் தரும் கியூஆர் அட்டை வந்த தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர்தான் கிடைத்தது. லீற்றருக்கு 40 கிலோமீற்றர் ஓடும் வண்டிக்கு அது 160 கிலோமீற்றர். எனவே இங்கே வலுவைப் பற்றிய திட்டம் பெற்றோல் செலவையும் சேர்த்தே போடப்பட வேண்டும்.

முதலில் இழந்ததை மீட்டல்

பத்து ஆண்டுகள் ஓடிய எஞ்சின் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது கொடுத்த வலுவைக் கொடுப்பதில்லை. காசு கொடுத்து வாங்கும் எந்தப் புதுப் பாகமும் தரும் உயர்வைவிட, இழந்ததை மீட்பதால் வரும் உயர்வு பெரும்பாலும் அதிகம்.

இந்தக் கரையோரத்தில் எஞ்சினுக்கு இரண்டு எதிரிகள்: உப்பும் மணலும். உப்புக் காற்று பற்றரி முனைகளிலும் எஞ்சினின் ஏர்த் வயர் இணைப்பிலும் பச்சைப் பூஞ்சணம்போலப் படிகிறது. மின்னோட்டம் தடைப்பட்டுத் தீப்பொறி பலம் குன்றுகிறது. மணல் துகள் காற்று வடிகட்டியை அடைக்கிறது. வடிகட்டி கிழிந்திருந்தால் சிலிண்டருக்குள் புகுந்து சுவரை அராவுகிறது. வடிகட்டி, பிளக், பற்றரி இணைப்பு, அக்சிலேற்றர் கேபிள், செயின் ஆகிய ஐந்தையும் பார்த்து முடித்த பின்னரே மற்றவற்றைப் பற்றி யோசிக்கலாம்.

இலங்கைத் தெருக்களில் அதிகம் காணப்படும் பஜாஜ் பல்சர் 2001இல் இந்தியாவில் அறிமுகமானது. 2003இல் அதற்கு ஒரே சிலிண்டரில் இரண்டு பிளக் பொருத்தும் முறை வந்தது. இந்த எஞ்சினில் ஒரு பிளக் செயலிழந்தாலும் வண்டி நிற்காமல் ஓடும், வலு மட்டும் குறைந்திருக்கும். வண்டி ஓடுகிறதே என்று உரிமையாளர் அதைக் கவனிப்பதில்லை. வலு குறைந்த பல்சரில் முதல் வேலை, இரண்டு பிளக்கையும் தனித்தனியே கழற்றித் தீப்பொறி வருகிறதா என்று பார்ப்பது.

அடுத்து அமுக்கச் சோதனை. பிளக் இருந்த இடத்தில் அமுக்கமானியைப் பொருத்தி, அக்சிலேற்றரை முழுதாகத் திருகிப் பிடித்துக்கொண்டு எஞ்சினைச் சுழற்ற வேண்டும். அளவு குறைவாக இருந்தால் பிளக் துளை வழியே ஒரு கரண்டி ஒயில் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். இம்முறை அமுக்கம் ஏறினால் தேய்ந்தது பிஸ்டன் ரிங் அல்லது சிலிண்டர் சுவர். ஏறாவிட்டால் கோளாறு பெரும்பாலும் வால்வில். வால்வு இடைவெளி சரியில்லாததால் மட்டும் அமுக்கம் குறைந்திருந்தால் அதைச் சரிசெய்ய அரைமணி நேரம் போதும். வால்வு இருக்கை தேய்ந்திருந்தால் ஹெட்டைக் கழற்றி வால்வை அரைக்க வேண்டும். இந்தச் சோதனை செய்யாமல் நேரே எஞ்சினைப் பிரிக்கச் சொல்பவரிடம் வண்டியை ஒப்படைக்கக் கூடாது.

ஒயிலும் வலுவோடு தொடர்புள்ளது. பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளச் ஒயிலுக்குள்ளேயே நனைந்து வேலை செய்கிறது. வழுக்கும் தன்மை கூடிய கார் ஒயிலை ஊற்றினால் கிளச் தட்டுகள் வழுக்கி, எஞ்சின் தரும் வலு கியருக்குப் போகாமல் வெப்பமாக வீணாகும். டப்பாவில் ஒயிலில் நனையும் கிளச்சுக்கான ஜாஸோ எம்ஏ தரம் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குவது செலவில்லாத பாதுகாப்பு.

சுமையும் பற்சக்கரமும்

எஞ்சினைத் தொடாமலே ஏற்றத்தில் பலன் தருபவை இரண்டு. முதலாவது, சுமையைக் குறைத்தல். வண்டி, இருவர், பைகள் எல்லாம் சேர்ந்து 300 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதில் 20 கிலோவைக் குறைத்தால் ஏற்றத்தில் எஞ்சின் இழுக்க வேண்டிய பாரம் ஏறத்தாழ 7 வீதம் குறையும். இரும்புச் சட்டம், தேவையற்ற காவற்கம்பி, பயன்படாத பொருட்கள் நிறைந்த பெட்டி என்று தேடினால் அந்த 20 கிலோ அகப்படும்.

இரண்டாவது, செயின் பற்சக்கரம். முன் சக்கரத்தில் 15 பற்களும் பின் சக்கரத்தில் 42 பற்களும் இருந்தால் விகிதம் 2.8. முன்சக்கரத்தை 14 பல்லாக மாற்றினால் விகிதம் 3.0 ஆகும். பின் சில்லுக்கு வரும் உந்தல் ஒவ்வொரு கியரிலும் 7 வீதம் கூடும். எஞ்சினின் வலு கூடவில்லை, அதே வலு ஏற்றத்துக்கு ஏற்றபடி மாற்றிப் பயன்படுத்தப்படுகிறது. அதற்கு ஈடாக, சமதரையில் அதே வேகத்துக்கு எஞ்சின் 7 வீதம் கூடுதலாகச் சுழலும், பெற்றோலும் சற்றுக் கூடுதலாகச் செல்லும். வேகமானி முன் சில்லிலிருந்து இயங்கும் வண்டிகளில் அது தவறு காட்டாது. கியர்ப் பெட்டியிலிருந்து இயங்குமானால் உண்மை வேகத்தைவிடக் கூட்டிக் காட்டும். மலைநாட்டுப் பயணத்துக்கு முன் 14 பல்லும் ஊர் திரும்பியதும் 15 பல்லும் மாட்டிக்கொள்வது மலிவான ஏற்பாடு. செயினின் நீளத்தை மட்டும் ஒவ்வொரு முறையும் சரிபார்க்க வேண்டும். தேய்ந்த செயினோடு புதுப் பற்சக்கரத்தைச் சேர்த்தால் இரண்டும் விரைவில் கெடும்.

காற்றும் பெற்றோலும்

காற்று வடிகட்டி, காபரேட்டர், சைலன்சர் மூன்றும் ஒன்றையொன்று சார்ந்தவை. ஒன்றை மட்டும் மாற்றினால் மற்ற இரண்டும் ஒத்துழைப்பதில்லை. தொழிற்சாலை வடிகட்டியைக் கழற்றிவிட்டுத் திறந்த வடிகட்டி பொருத்தினால் காற்று கூடுதலாகப் போகும். காபரேட்டரில் பெற்றோல் வரும் துளையான ஜெட் பழைய அளவிலேயே இருந்தால் பெற்றோல் வரத்து கூடுவதில்லை. கலவை வறண்டு, எஞ்சின் சூடேறி, நீண்ட ஓட்டத்தில் பிஸ்டன் உருகும் நிலைகூட வரலாம். பெற்றோல் முழுமையாக எரிய 1 பங்குக்கு 14.7 பங்கு காற்று, எடையளவில், வேண்டும். உச்ச வலுவுக்கு அது 12.5 முதல் 13 பங்குவரை இருக்க வேண்டும். இந்தச் சிறிய இடைவெளிக்குள்தான் காபரேட்டர் சரிசெய்யும் முழு வேலையும் அடங்கியிருக்கிறது.

கலவையைப் பிளக்கின் நிறம் சொல்லிவிடும். ஒரே சீரான வேகத்தில் சில கிலோமீற்றர் ஓட்டி நிறுத்திப் பிளக்கைக் கழற்றினால், இளம் பழுப்பாக இருந்தால் சரி. வெள்ளையாக இருந்தால் பெற்றோல் போதாது. கரி படிந்திருந்தால் பெற்றோல் கூடிவிட்டது.

பெரியகல்லாற்றில் சரிசெய்த காபரேட்டர் நுவரெலியாவில் அதே மாதிரி நடக்காது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையில் உள்ளதைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. எஞ்சினின் வலுவும் ஏறத்தாழ அதே அளவு குறையும். காற்றுக் குறையும் அளவுக்குப் பெற்றோல் குறையாததால் கலவையில் பெற்றோல் மிகுந்துவிடும். கரையிலேயே பெற்றோல் கூட்டி வைத்த வண்டி மேலே போனதும் கரும்புகை கக்கும். ஆகவே மலைப் பயணத்துக்குப் போகும் வண்டியில் மெயின் ஜெட்டை அளவுக்கு மீறிப் பெருப்பிக்கக் கூடாது. எரிபொருள் ஊசிமுறை உள்ள வண்டிகளில் உணரிகள் இந்த வேறுபாட்டை ஓரளவு தாமே ஈடுசெய்கின்றன. அவற்றில் காற்றுப் பாதையை மாற்றினால் கணினிப் பெட்டியின் அமைப்பையும் மாற்ற வேண்டிவரும். அது சிறிய செலவில் முடியாது.

சைலன்சரைப் பற்றிய ஒரு தவறான நம்பிக்கை பரவலாக உண்டு. ஓசை கூடினால் வலு கூடியதாக அர்த்தமில்லை. உள்தடுப்பு இல்லாத குழாய் உயர் சுழற்சியில் சிறிது உதவலாம். ஆனால் ஏற்றத்துக்குத் தேவையான நடுச் சுழற்சி இழுவையைப் பெரும்பாலும் குறைத்துவிடும். நாள் முழுக்க ஓட்டுபவரின் செவிக்கும் போகும் ஊர்களின் அமைதிக்கும் அது தீங்கு. பொலிஸ் நடவடிக்கைக்கும் இடமுண்டு.

95 ஒக்ரேன் பெற்றோல் ஊற்றினால் வலு கூடும் என்பதும் அத்தகைய நம்பிக்கையே. ஒக்ரேன் எண் பெற்றோல் தானாக வெடிக்காமல் தாங்கும் திறனைக் குறிப்பது, அதில் உள்ள சக்தியை அல்ல. 92க்கென அமைக்கப்பட்ட எஞ்சின் தட்டல் ஓசை இல்லாமல் ஓடினால் கூடுதல் விலை கொடுப்பதில் பயனில்லை.

போர் பண்ணுதல்

அமுக்கச் சோதனைக்குப் பின் அளந்து பார்த்துச் சிலிண்டர் தேய்ந்தது உறுதியானால் மட்டுமே, அதன் உட்புறத்தைக் குடைந்து பெருப்பிக்கும் போர் வேலைக்கு லேத் பட்டறைக்குப் போக வேண்டும். 57 மில்லிமீற்றர் விட்டமுள்ள சிலிண்டரை அரை மில்லிமீற்றர் பெருப்பித்தால் கொள்ளளவு 2 வீதம்கூட உயராது. அந்த வேலையின் பயன் அளவு கூடுவதல்ல, இழந்த அமுக்கம் திரும்புவது.

பெரிய பிஸ்டன் போடுவது வேறு விஷயம். அதே 57ஐ 62 மில்லிமீற்றராக்கினால் கொள்ளளவு 18 வீதம் கூடும். 149 சீசீ 176ஐத் தாண்டும். எரியறையின் அளவு மாறாவிட்டால் 9.5ஆக இருந்த அமுக்க விகிதம் 11க்கு ஏறிவிடும். அப்போது 92 ஒக்ரேனில் தட்டல் வரும், காற்றால் குளிரும் எஞ்சின் கொதிக்கும், கிளச்சும் கிராங்க் பெயரிங்கும் தாங்க முடியாமல் போகும். பதிவுப் புத்தகத்தில் எழுதப்பட்ட கொள்ளளவோடும் வண்டி ஒத்துப்போகாது. கதிர்காமம் போகும் வெயிலில், காட்டு வழியில், பட்டறை எட்டாத தூரத்தில் நின்றுபோகக்கூடிய எஞ்சின் நெடும்பயணத்துக்கு ஆகாது.

போர் பண்ணிய எஞ்சினைத் தொடக்கத்தில் 500 முதல் 1000 கிலோமீற்றர்வரை அடக்கி ஓட்டி, ஒயிலை முன்கூட்டியே மாற்ற வேண்டும். பயணத்துக்கு முந்திய வாரம் இந்த வேலையைச் செய்வது பெரும் தவறு.

பணத்தைப் பிரித்தல்

திட்டத்துக்கு ஒதுக்கிய பணம் 100 பங்கு என்றால், 45 பங்கை இழந்த வலுவை மீட்கவும், 25 பங்கை ரயருக்கும் பிறேக்கிற்கும், 10 பங்கைப் பற்சக்கரத்துக்கும், 10 பங்கைக் காபரேட்டர் சரிசெய்யவும் கொடுக்கலாம். மீதி 10 பங்கு கையிருப்பாக இருக்கட்டும். எஞ்சினைப் பிரித்தால் எதிர்பாராத ஒன்று வெளிப்படாமல் இருப்பது அரிது. ஏறும் வண்டி இறங்கவும் வேண்டும் என்பதால் பிறேக்கின் பங்கை எஞ்சினுக்குக் கொடுக்கக் கூடாது.

ஒவ்வொரு வேலைக்கும் முன்னும் பின்னும் அளந்து பார்ப்பது அவசியம். காற்றில்லாத காலையில், ஒரே தெருத் துண்டில், அதே சுமையோடு, நாலாம் கியரில் 30இலிருந்து 50 கிலோமீற்றர் வேகத்துக்கு ஏற எத்தனை செக்கன் என்று குறித்துக்கொண்டால் போதும். நிரப்பிய பெற்றோலும் ஓடிய தூரமும் அதே கொப்பியில் இருக்கட்டும். ஒரே நாளில் நாலு பாகத்தை மாற்றினால் எது பலன் தந்தது, எது கெடுத்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

இலங்கையில் 2008 முதல் நடைமுறைக்கு வந்த புகைப் பரிசோதனையில் தேறிய சான்றிதழ் இல்லாமல் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது. பரிசோதனையில் தேறாத அளவுக்குப் பெற்றோல் கூட்டிய எஞ்சின், எவ்வளவு வேகமாக ஓடினாலும், சரியாகச் செய்யப்பட்ட எஞ்சின் அல்ல. நல்ல அமுக்கம், சுத்தமான காற்று, பலமான தீப்பொறி, ஏற்றத்துக்கு ஏற்ற பற்சக்கரம் ஆகிய நாலும் அமைந்த 150 சீசீ வண்டி இருவரோடு நுவரெலியா ஏறி இறங்கி, உப்புக் காற்று வீசும் கல்லாற்றுக்குத் திரும்பிவரப் போதுமானது.