நிஸாமாபாத்தின் நிக்கத்

கடந்த வருடம் இல்ல விளையாட்டுப் போட்டிக்கான பயிற்சியின்போது ஓடும் பாதையில் விழுந்து எனது முழங்கால் தோல் உரிந்துவிட்டது. மூன்று தையல். மறுநாள் பார்க்க வந்த பக்கத்து வீட்டு மாமி காலைப் பார்த்துவிட்டு உம்மாவிடம், "பொம்புளப் புள்ளைக்குக் காலுல தழும்பு விழுந்தா நாளைக்கு ஒரு கலியாணம் பேச ஏலுமா?" என்றார். உம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று மாலையே எனது ஓட்டச் சப்பாத்து அலுமாரியின் மேல் தட்டுக்குப் போய்விட்டது.

அந்த வாரம் படுத்துக்கிடந்தபோதுதான் நிக்கத் ஸரீனைப் பற்றி வாசித்தேன். அவருடைய உம்மாவும் ஏறக்குறைய இதே வார்த்தைகளைச் சொல்லியிருக்கிறார் என்பதை அறிந்ததும் தொடர்ந்து தேடினேன்.

நிக்கத், இந்தியாவின் தெலுங்கானா மாநிலத்திலுள்ள நிஸாமாபாத் நகரில் 1996 ஜூன் 14 இல் பிறந்தவர். நான்கு பெண் பிள்ளைகளில் மூன்றாமவர். வாப்பா முஹம்மத் ஜமீல் அஹ்மத் இளமையில் உதைபந்தாட்டமும் கிரிக்கெட்டும் விளையாடியவர். சவூதி அரேபியாவில் பதினைந்து வருடங்கள் விற்பனைத் துறையில் வேலை செய்துவிட்டுப் பிள்ளைகளின் படிப்புக்காகவும் விளையாட்டுக்காகவும் ஊர் திரும்பியவர். முந்தலில் இதற்கு விளக்கம் தேவையில்லை. வெளிநாட்டுச் சம்பளத்தை விட்டுவிட்டு வருவது எவ்வளவு பெரிய முடிவு என்பது எங்கள் வீடுகளுக்குத் தெரியும்.

முதலில் நிக்கத் ஓட்டக்காரி. வாப்பாவோடு மைதானத்துக்குப் போகும்போது எல்லா விளையாட்டிலும் பெண் பிள்ளைகளைக் கண்டாராம், குத்துச்சண்டையில் மட்டும் ஒருத்தியும் இல்லை. "குத்துச்சண்டை ஆண்களுக்கு மட்டுந்தானா?" என்று வாப்பாவிடம் கேட்டார். இல்லை, மக்கள்தான் பெண்களுக்கு அந்தப் பலமில்லை என்று நினைக்கிறார்கள் என்றார் வாப்பா. அதோடு கையுறை மாட்டிக்கொண்டார். ஒருநாள் கண் வீங்கி, மூக்கில் இரத்தத்தோடு வீடு வந்தபோது உம்மா பர்வீன் சுல்தானா அழுதுவிட்டார். இந்த முகத்தோடு உன்னை யார் முடிப்பார் என்று கேட்டார். பெயர் வந்தால் மாப்பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள் என்று மகள் பதில் சொன்னார். அந்தத் துணிச்சல் எனக்கு இல்லை. நான் மாமி போகும்வரை போர்வைக்குள் இருந்தேன்.

உம்மாமார் பயப்படுவதில் நியாயமும் இருக்கிறது. இந்த விளையாட்டு பிறந்த இங்கிலாந்தில் முன்னர் வெறும் கையாலேயே குத்திக்கொண்டார்கள். கொத்தனாராக இருந்த டொம் சேயர்ஸ், 1860 ஏப்ரல் 17 இல் அமெரிக்கரான ஜோன் ஹீனனுடன் இரண்டு மணித்தியாலத்துக்கும் மேலாக மோதினார். இறுதியில் கூட்டம் களத்துக்குள் புகுந்து, முடிவே இல்லாமல் போனது. 1867 இல் வெளியான குயின்ஸ்பெரி விதிகளே கையுறையையும் மூன்று நிமிடச் சுற்றையும் கொண்டுவந்தன. இன்று நிக்கத் ஆடுவது அப்படிப்பட்ட மூன்று சுற்றுக்கள்தான், இடையில் ஒரு நிமிட ஓய்வு. ஒவ்வொரு சுற்றிலும் சிறப்பாக ஆடியவருக்கு 10 புள்ளி, மற்றவருக்கு 9 அல்லது அதற்கும் குறைவு. ஐந்து நடுவர்கள் தனித்தனியே புள்ளியிடுவார்கள். உடை பற்றிக் கேட்பவர்களுக்கு: ஹிஜாபும் உடலை முழுமையாக மறைக்கும் உடையும் அணிந்து ஆட 2019 இல் சர்வதேசச் சங்கம் அனுமதி வழங்கியது. நிக்கத் வழமையான போட்டி உடையிலேயே ஆடுகிறார். அதற்காகவும் உறவினர்களிடம் நிறையக் கேட்டிருக்கிறார்.

2011 இல் துருக்கியின் அந்தாலியாவில் கனிஷ்ட உலகச் சம்பியன் ஆனார். பாதை திறந்துவிட்டது என்றுதான் எவரும் நினைப்பார்கள். 2017 இல் தோள்மூட்டு விலகிச் சத்திரசிகிச்சை செய்ய நேர்ந்தது; ஏறத்தாழ ஒரு வருடம் வீட்டில்.

திரும்பி வந்தபோது அவருடைய நிறைப் பிரிவில் மேரி கோம் இருந்தார். ஆறு தடவை உலகச் சம்பியன். 2018 பொதுநலவாய விளையாட்டு விழாவில் எங்கள் நாட்டின் அனுஷா கொடித்துவக்கு அரையிறுதியில் தோற்று வெண்கலம் பெற்றதும் இதே மேரி கோமிடம்தான். ஒலிம்பிக் தகுதிகாண் போட்டிக்கு அவரைத் தெரிவுப் போட்டியின்றியே அனுப்பப்போவதாக 2019 இல் செய்தி வந்தது. நிக்கத் விளையாட்டுத்துறை அமைச்சருக்குப் பகிரங்கமாக ஒரு கடிதம் எழுதினார். 'என்னை அனுப்புங்கள்' என்று அதில் கேட்கவில்லை. 'நியாயமாக ஒரு போட்டி வையுங்கள்' என்றுதான் கேட்டார். நிக்கத் ஸரீன் யார் என்று மேரி கோம் செய்தியாளர்களிடம் கேட்டார். சமூக வலைத்தளங்களில் பலர் நிக்கத்தைத் திட்டினார்கள்.

டிசம்பர் 28 ஆம் திகதி புதுடில்லியில் போட்டி நடந்தது. நிக்கத் 9-1 எனத் தோற்றார். கை கொடுக்கப் போனபோது மேரி கோம் கை கொடுக்கவில்லை.

இந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்திவிட்டு யோசித்தேன். பெரியவரை எதிர்த்துக் கேள்வி கேட்ட பெயரும் வந்து, தோல்வியும் வந்தால், நமது ஊரில் ஒரு பெண் பிள்ளை வெளியே தலைகாட்டுவாளா? மேரி கோமின் மேல் எனக்குக் கோபமில்லை. மூன்று பிள்ளைகளுக்குத் தாயாகியும் வளையத்துக்குள் நின்றவர் அவர். ஆயினும் தோற்பதற்காவது ஒரு போட்டி வேண்டும் என்று கேட்ட நிக்கத்தைத்தான் எனக்கு அதிகம் பிடித்திருந்தது.

2022 மே 19 இல் இஸ்தான்புல் நகரில் 52 கிலோ பிரிவின் உலக இறுதிப் போட்டி. எதிரே தாய்லாந்தின் ஜிட்போங் ஜுட்டாமாஸ். முடிவு 5-0, ஐந்து நடுவர்களும் நிக்கத்தின் பக்கம். கேட்கச் சுலபமாகத் தோன்றும். ஆனால் இருவர் 30-27 என்றும் மூவர் 29-28 என்றும் புள்ளியிட்டார்கள். அந்த மூவரும் ஒரு சுற்றை ஜுட்டாமாஸுக்குக் கொடுத்திருந்தார்கள். வென்றதும் செய்தியாளர்களிடம், டுவிட்டரில் எல்லோரும் என்னைப் பற்றிப் பேசுகிறார்களா என்று சின்னப் பிள்ளை போலக் கேட்டார். அதே வருடம் பர்மிங்ஹாமில் பொதுநலவாயத் தங்கம். ஒலிம்பிக்கில் 52 கிலோ பிரிவு இல்லாததால் 50 கிலோவுக்கு இறங்கி, 2023 இல் புதுடில்லியில் மீண்டும் உலகச் சம்பியன். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இரண்டாவது போட்டியிலேயே சீனாவின் வூ யுவிடம் 5-0 எனத் தோற்றார். பதக்கம் இல்லை. அந்த வருடமே தெலுங்கானா பொலிஸில் பிரதிப் பொலிஸ் அத்தியட்சகராக நியமிக்கப்பட்டார்.

இதையெல்லாம் ஓர் இரவு உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இஸ்தான்புல் போட்டியைப் பற்றி உம்மா ஒன்றும் கேட்கவில்லை. "அந்தப் புள்ளைட உம்மா பொறகு என்ன சொன்னாவாம்?" என்று மட்டும் கேட்டார். வெள்ளிக்கிழமை கட்டாரிலிருந்து வாப்பா அழைத்தபோது உம்மாதான் முதலில் பேசினார். பிறகு தொலைபேசி என் கைக்கு வந்தது.

"வலயப் போட்டி எத்தனையாந் திகதி மகள்?" என்றார் வாப்பா.