விமி மேட்டில் கனடிய வீரர்

முதல் உலகப் போரில் பிரான்சின் வடபுலம் பதுங்குகுழிகளால் பிளவுண்டு கிடந்தது. முள்வேலியும் இயந்திரத் துப்பாக்கியும் காத்த அரண்களை நெருங்கியோர் கூட்டங்கூட்டமாக மாண்டனர். 1915இல் பிரெஞ்சுப் படை பேரிழப்புற்றும் ஜெர்மானியரிடமிருந்து மீட்க இயலாத விமி மேட்டைக் கைப்பற்றும் பொறுப்பு, பின்னர்க் கனடியப் படையினர்க்கு அளிக்கப்பெற்றது.

அப்படையின் தலைவர் ஜூலியன் பிங், உயர் அலுவலர் மட்டுமே கண்டுவந்த நிலப்படங்களைச் சாதாரண வீரர்க்கும் வழங்கச் செய்தார். எதிரியின் அரண்களை நாடாக்களால் குறித்துக் காட்டிய திடலில் அவர்கள் பன்முறை ஒத்திகை நிகழ்த்தினர். எனவே, முன்செல்லும் அலுவலர் வீழ்ந்தாலும் தத்தம் கடமை யாதென ஒவ்வொருவரும் அறிந்திருந்தனர்.

1917 ஏப்ரல் 9 வைகறையில், தம் பீரங்கிக் குண்டுகள் திரைபோல் முன்னே நகர்ந்து விழ, அதனைத் தொடர்ந்து நான்கு கனடியப் படைப்பிரிவுகளும் முதன்முறையாக ஒருங்கே முன்னேறின. ஏப்ரல் 12இல் மேடு முழுவதும் அவர்கள் வசமாயிற்று. ஆயினும் அந்நான்கு நாள்களில் 3,598 கனடியர் உயிர்நீத்தனர். 7,000 பேர் காயமுற்றனர்.

1936இல் அங்குத் திறக்கப்பெற்ற நினைவுச் சின்னத்தில், பிரான்சில் மடிந்து, அடக்கவிடமும் அறியப்படாத 11,000க்கும் மேற்பட்ட கனடியரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. கடைநிலை வீரனையும் அறிவில் பங்காளியாக்கியது அவ்வெற்றியைத் தந்தது. அதற்கு ஈந்த விலையை அப்பெயர்கள் உரைக்கின்றன. வரலாறு பயிலும் மாணவர் இரண்டையும் ஒருங்கே உளங்கொள்வாராக!